கிடங்கின் இடைத்தளப் படிக்கட்டு: விதிக்கு உட்பட்டு, செலவுக்குள் அடங்கி

கிடங்கு நிறைந்துவிட்டால் வணிகரின் கண் முதலில் செல்வது கூரையை நோக்கித்தான். ஆறு மீட்டர் உயரமுள்ள கொட்டகையில் சரக்கு மூன்று மீட்டர் வரைதான் அடுக்கப்பட்டிருக்கும். மேலே இருப்பது வெறும் காற்று. அடுத்த தெருவில் இன்னொரு கொட்டகையை வாடகைக்கு எடுப்பதைவிட இரும்புத் தூண்களை நட்டு, நடுவே ஒரு தளம் போட்டுக்கொள்வது சிக்கனம் என்று அவர் கணக்கிடுகிறார். கணக்கு சரியானதே. பிவண்டியிலும் தில்லியின் புறநகர்களிலும் இன்னும் பல வணிக நகரங்களிலும் கிடங்குகளுக்குள் இத்தகைய இடைத்தளங்கள், அதாவது மெசனைன்கள், பெருகியிருப்பதற்கு இதுவே காரணம்.

தளத்துக்குப் பொறியாளரை அழைப்பவர்கள்கூடப் படிக்கட்டை வெல்டரின் கையில் விட்டுவிடுகிறார்கள். தளம் போட்ட பின் மிஞ்சிய சானலில், மிஞ்சிய மூலையில், மிஞ்சிய பணத்தில் ஒரு படிக்கட்டு எழுகிறது. கடன் விண்ணப்பத்தோடு வரும் வரைபடங்களில் இடைத்தளத்தின் நீளமும் அகலமும் தெளிவாக இருக்கும். படிக்கட்டு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடும் ஓர் அம்புக்குறியும் மட்டுமே இருக்கும். பின்னர் தீயணைப்புத் துறையின் ஆய்விலோ காப்பீட்டு நிறுவனத்தின் பார்வையிடலிலோ சிக்கல் எழுவது பெரும்பாலும் அந்த அம்புக்குறியில்தான். அந்த ஒரு கோட்டை எப்படி வரையவேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இது வெறும் காகித விவகாரமன்று. 2019 டிசம்பர் 8 அன்று தில்லி அனாஜ் மண்டியில் இயங்கிய பட்டறைக் கட்டடத்தில் தீப்பற்றி 43 பேர் இறந்தனர். 2022 மே 13 அன்று தில்லி முண்ட்காவில் வணிகக் கட்டடம் ஒன்றில் 27 பேர் இறந்தனர். இரு இடங்களிலும் உள்ளே இருந்தவர்கள் வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொண்டனர். தீ இல்லாத நாளிலும் ஆபத்து உண்டு. செங்குத்தான இரும்புப் படியில் இரு கைகளிலும் பெட்டியைப் பிடித்தபடி இறங்கும் தொழிலாளிக்குத் தன் கால் வைக்கும் இடம் தெரியாது. கைப்பிடியைப் பற்றக் கையும் மிச்சமில்லை. மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுவது உயிரைப் பறிக்கப் போதுமானது.

எந்த விதி, யாருடைய விதி

இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்டுள்ள தேசியக் கட்டடத் தொகுப்பு விதிகள், 2016 என்னும் நூலே அடிப்படை. அது தானாகவே சட்டம் ஆகிவிடுவதில்லை. மாநில அரசுகளும் உள்ளாட்சிகளும் தம் கட்டட விதிகளில் ஏற்றுக்கொள்ளும்போது கட்டுப்படுத்தும் வலிமை பெறுகிறது. தீயணைப்பும் மாநிலத்தின் பொறுப்பே. ஆகவே கீழே தரும் அளவுகளைத் தொடக்கமாகக் கொண்டு, தம் ஊரில் அவை எவ்வாறு ஏற்கப்பட்டுள்ளன என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டறிவது அவசியம். தொழிற்சாலையாகப் பதிவான இடத்தில் இன்னொரு கடமையும் சேர்கிறது. படிகளும் நடைபாதைகளும் உறுதியாகவும், வழுக்காமலும், தடையின்றியும் இருக்கவேண்டும், தேவைப்படும் இடங்களில் வலுவான கைப்பிடி வேண்டும் என்பதை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 32ஆம் பிரிவில் வகுத்தது. அச்சட்டத்தின் இடத்துக்கு வகுக்கப்பட்ட 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் பாதுகாப்பான பணியிடத்தை முதலாளியின் கடமையாகவே வைத்திருக்கிறது.

இடைத்தளத்தைப் பற்றித் தொகுப்பு விதிகள் கூறுவது சுருக்கமானது. அதன் பரப்பு கட்டடத்தின் தரைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, உயரம் 2.2 மீட்டருக்குக் குறையக்கூடாது. அதைச் சிறு சிறு அறைகளாகத் தடுக்கக்கூடாது. 600 சதுர மீட்டர் கிடங்கில் 200 சதுர மீட்டர் வரை இடைத்தளம் என்று பொருள். இதைத் தாண்டிய தளம் முழுமையான ஒரு மாடியாகக் கருதப்பட்டு, அதற்குரிய எல்லா விதிகளும் வந்து சேரும். செலவைக் கட்டுக்குள் வைக்க விரும்புவோர் முதலில் பிடித்துக்கொள்ளவேண்டிய எல்லை இது.

படிக்கட்டுக்கான அளவுகள் இவை. குடியிருப்பு அல்லாத இத்தகைய கட்டடங்களில் அகலம் குறைந்தது 1.5 மீட்டர். மிதியின் அகலம், அதாவது கால் வைக்கும் பகுதி, குறைந்தது 300 மில்லிமீட்டர். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையிலான உயரம், பட்டறையில் ரைசர் என்பார்கள், 150 மில்லிமீட்டருக்கு மேற்படக்கூடாது. ஒரே ஓட்டத்தில் 12 படிகளுக்கு மேல் கூடாது. அதன்பின் லேண்டிங் வேண்டும். கைப்பிடி, மிதியின் நடுவிலிருந்து அளந்தால் 1,000 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். படிக்கட்டின் அடியில் நடைவழி இருந்தால் தலைக்கு மேல் 2.2 மீட்டர் இடம் வேண்டும்.

வாடிக்கையாளர்கள் வழக்கமாகத் தயங்குவது 1.5 மீட்டர் அகலத்தைக் கண்டுதான். மேலே வேலை செய்வது ஆறேழு பேர். அவர்களுக்கு இவ்வளவு அகலம் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் நியாயம் உண்டு. சரக்குக் கிடங்கில் 30 சதுர மீட்டருக்கு ஒருவர் என்பதே ஆள்கணக்கு. 200 சதுர மீட்டருக்கு ஏழு பேர். ஆளுக்கு 10 மில்லிமீட்டர் படிக்கட்டு அகலம் என்ற கணக்கில் 70 மில்லிமீட்டரே வரும். ஆனால் அந்தக் கணக்கு கூட்டம் மிகுந்த இடங்களில் அகலத்தைக் கூட்டுவதற்கு உரியது. குறைந்தபட்ச அகலத்தைக் கீழே இறக்குவதற்கு உரியதன்று. அடிபட்டவரை இருவர் தூக்கி இறக்கும்போதும், கீழிருந்து தீயணைப்பு வீரர் ஏறும் அதே நேரத்தில் மேலிருந்து ஆட்கள் இறங்கும்போதும் அந்த அகலத்தின் தேவை புரியும். சிறிய இடைத்தளத்துக்கு உள்ளூர் அதிகாரி தளர்வு அளிக்கக்கூடுமானால் அதை எழுத்தில் பெற்றுக்கொண்ட பிறகே இரும்பை வெட்டவேண்டும். வாய்மொழி இசைவு அடுத்த அதிகாரி வரும்வரைதான் செல்லும்.

மூன்று மீட்டர் ஏறுவதற்கு எவ்வளவு இடம்

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தரையிலிருந்து இடைத்தளத்தின் மேற்பரப்பு வரை 3 மீட்டர் என்று கொள்வோம். வெல்டர் தாமாகச் செய்து தரும் படிக்கட்டில் பொதுவாக 12 ஏற்றங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 250 மில்லிமீட்டர் உயரம், மிதி 200 மில்லிமீட்டர். தரையில் அது பிடிக்கும் நீளம் 2.2 மீட்டர் மட்டுமே. சாய்வோ ஏறத்தாழ 51 பாகை. பெயர் படிக்கட்டானாலும் தன்மையில் அது ஏணிதான். இறங்குபவர் முகத்தைப் படியின் பக்கம் திருப்பிக்கொண்டுதான் இறங்க முடியும்.

விதிப்படி அமைத்தால் 150 மில்லிமீட்டர் வீதம் 20 ஏற்றங்கள் வேண்டும். ஒரே ஓட்டத்தில் 12க்கு மேல் கூடாது என்பதால் பத்துப் பத்தாக இரண்டு ஓட்டங்கள். ஓட்டத்துக்கு ஒன்பது மிதிகள். ஏனெனில் பத்தாவது ஏற்றம் நம்மை லேண்டிங்கிலோ தளத்திலோ கொண்டுபோய் விடுகிறது. ஒன்பது மிதிகளுக்கு 2.7 மீட்டர். சாய்வு 27 பாகைக்குச் சற்றுக் குறைவு. பெட்டியைச் சுமந்தவரும் முன்னோக்கி நடந்தே இறங்கலாம்.

இதை நேராக அமைப்பதா, நடுவில் திருப்புவதா? திருப்பினால் இடம் மிச்சம் என்பது பொதுவான எண்ணம். அளந்து பார்த்தால் வேறு விடை வருகிறது. நேர் படிக்கட்டின் நீளம் 2.7 மீட்டர், லேண்டிங் 1.5 மீட்டர், மீண்டும் 2.7 மீட்டர், ஆக 6.9 மீட்டர்; அகலம் 1.5 மீட்டர், பரப்பு சுமார் 10.4 சதுர மீட்டர். திருப்பு படிக்கட்டின் நீளம் 4.2 மீட்டராகக் குறைகிறது. ஆனால் இரண்டு ஓட்டங்களும் இடையில் சிறு இடைவெளியும் சேர்ந்து அகலம் 3.1 மீட்டராகிறது, பரப்பு 13 சதுர மீட்டர். நேர் படிக்கட்டின் லேண்டிங் 2.25 சதுர மீட்டர். திருப்பு படிக்கட்டினதோ 4.65 சதுர மீட்டர். லேண்டிங் பெரிதானால் அதைத் தாங்கும் சட்டமும் தூண்களும் பெரிதாகும். ஆகவே ஏழு மீட்டர் நீளச் சுவர் கிடைக்குமானால் நேர் படிக்கட்டே மலிவு. ஒரு பக்கக் கைப்பிடியைச் சுவரிலேயே பொருத்திவிடலாம் என்பது கூடுதல் ஆதாயம். மூலையில் நெருக்கடி இருந்தால் மட்டும் திருப்பு படிக்கட்டை நாடலாம்.

படிக்கட்டை இடைத்தளத்தின் விளிம்புக்கு வெளியே நிறுத்துவது நல்லது. தளத்தின் நடுவே துளையிட்டு அதன் வழியாக ஏற்றினால், வெட்டிய விட்டங்களுக்கு மாற்றுத் தாங்கல் வேண்டும், துளையைச் சுற்றித் தடுப்பு வேண்டும், ஏறுபவர் தலை இடிக்காத உயரமும் வேண்டும். மூன்றுமே செலவு.

எடை எங்கே இருக்கிறது

இரும்பு வேலைக்கு ஒப்பந்தக்காரர்கள் கிலோ கணக்கில் விலை சொல்வது நம் நாட்டு வழக்கம். எனவே செலவைக் குறைக்க எண்ணுபவர் எடை எங்கே சேர்கிறது என்பதை அறியவேண்டும். மேற்சொன்ன படிக்கட்டில் மிதிகளைத் தாங்கும் பக்கச் சாய்வுச் சட்டங்கள் நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 13.5 மீட்டர். 150 மில்லிமீட்டர் சானலில் அமைத்தால் சுமார் 220 கிலோ. மிதிகள் பதினெட்டு. முன்னும் பின்னும் 50 மில்லிமீட்டர் மடித்த 6 மில்லிமீட்டர் செக்கர்டு பிளேட்டில் ஒவ்வொன்றும் 30 கிலோவைத் தொடும். மொத்தம் 540 கிலோ. பலரும் சானலின் அளவைக் குறைத்துப் பணத்தை மிச்சப்படுத்தப் பார்க்கிறார்கள். எடை இருப்பதோ மிதிகளில். உறுதியைக் கெடுக்கும் இடத்தில் கத்தரித்து, உண்மையில் மிச்சமாகும் இடத்தை விட்டுவிடுகிறார்கள்.

மிதித் தகடு 6 மில்லிமீட்டருக்குப் பதில் 5 மில்லிமீட்டர் போதும் என்று பொறியாளர் கணக்கிட்டுச் சொன்னால், அந்த ஒரு மாற்றத்திலேயே 85 கிலோ குறையும். விளிம்பை மடிப்பதே தகட்டுக்கு விறைப்பைத் தருவதால் மடிப்பை மட்டும் விட்டுவிடக்கூடாது. கிரேட்டிங் எனப்படும் கம்பிவலை மிதிகளும் சந்தையில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. எடை குறைவு, தூசி தங்காது. ஆயினும் திருகாணி, சிறு உதிரிப் பொருள்களைக் கையாளும் கிடங்கில் அவை கீழே நடப்பவர் தலையில் விழும் என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

கிலோ விலைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எடை கூடினால் ஒப்பந்தக்காரருக்கு வரவு கூடும். எடையைக் குறைக்க அவருக்குக் காரணம் இல்லை. பொறியாளர் கையொப்பமிட்ட வரைபடத்தைக் கொடுத்து, மொத்தமாக இவ்வளவு என்று விலை கேட்டுப் பெறுவதே எங்கள் பரிந்துரை. பொறியாளரின் கட்டணத்தைச் செலவாகக் கருதுவோர் உண்டு. தகட்டின் கனத்தில் அவர் மிச்சப்படுத்தித் தருவதை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தயக்கம் தீரும்.

அந்த வரைபடத்தில் சுமைகள் எழுதப்பட்டிருக்கவேண்டும். ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தரநிர்ணயத்தின் இரண்டாம் பகுதி, கிடங்குத் தளத்துக்கு அடுக்கும் உயரத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் சதுர மீட்டருக்கு 2.4 கிலோநியூட்டன் என்றும், குறைந்தது 7.5 கிலோநியூட்டன் என்றும் கூறுகிறது. பேச்சு வழக்கில் சொன்னால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 750 கிலோ. படிக்கட்டுக்கு, அது சென்று சேரும் தளத்தின் சுமையே அளவு. 5 கிலோநியூட்டனுக்குக் குறையக்கூடாது. கைப்பிடி, மீட்டருக்கு 0.75 கிலோநியூட்டன் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கவேண்டும். ஒவ்வொரு மீட்டரிலும் 75 கிலோ எடையுள்ள ஒருவர் முழுமையாகச் சாய்வதற்கு ஒப்பானது இது. மெல்லிய சதுரக் குழாயைத் தகட்டின் மேல் இரண்டு புள்ளிகளில் ஒட்டவைத்த கைப்பிடி இதைத் தாங்காது. கைக்கு அடங்கும் உருண்டைக் குழாயே ஏற்றது. அழகுக்காகப் பெரிய செவ்வகக் குழாயைப் போட்டால் வழுக்கும்போது விரல்கள் அதைப் பற்றிக்கொள்ள முடியாது.

பழைய படிக்கட்டை என்ன செய்வது

ஏற்கெனவே செங்குத்தான படிக்கட்டு இருக்கும் கிடங்குகளே மிகுதி. அதைச் சீர்செய்து விதிக்குள் கொண்டுவர முடியுமா என்று கேட்கிறார்கள். சாய்வு மாறும்போது பக்கச் சட்டங்களின் நீளமே மாறிவிடுவதால், பெரும்பாலும் முடியாது. பழைய மிதிகள் 200 மில்லிமீட்டர் என்பதால் அவையும் உதவா. கைப்பிடிக் குழாய் மட்டும் நல்ல நிலையில் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். மற்றவை பழைய இரும்பு விலைக்குத்தான். புதியதை அமைத்த பின் பழையதை அவசர வழியாக வைத்திருக்கலாமே என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. எங்கள் கருத்தில் அதைக் கழற்றிவிடுவதே நல்லது. குறுக்குவழி இருக்கும்வரை ஆட்கள் அதைத்தான் பயன்படுத்துவார்கள்.

இரண்டாவது வழி உண்மையிலேயே தேவையா என்பது தூரத்தைப் பொறுத்தது. கிடங்கில் எந்த இடத்திலிருந்தும் வெளியேறும் வாயிலுக்கு 30 மீட்டருக்கு மேல் நடக்கவேண்டியிருக்கக்கூடாது. கிடங்கினுள் திறந்தபடி நிற்கும் படிக்கட்டு வெளியேறும் வாயிலாகக் கருதப்படாது; புகை அதையும் சூழும். எனவே இடைத்தளத்தின் கடைக்கோடியிலிருந்து படிக்கட்டு வரை, படிக்கட்டின் நீளம், அங்கிருந்து வெளிக்கதவு வரை என மூன்றையும் கூட்டவேண்டும். நேர் படிக்கட்டே ஏழு மீட்டரை எடுத்துக்கொள்கிறது. படிக்கட்டின் கீழ்முனை வெளிக்கதவை நோக்கி இருக்குமாறு வைத்தால் பைசா செலவின்றிப் பல மீட்டர் குறையும். கடைக்கோடியை நோக்கி இறங்குமாறு வைத்தால், வெறும் திசை மாற்றத்தாலேயே இன்னொரு படிக்கட்டு தேவைப்படலாம்.

செலவே இல்லாத, அல்லது மிகச் சிறிய செலவில் முடியும் சிலவற்றையும் சொல்லவேண்டும். எல்லா ஏற்றங்களும் ஒரே உயரமாக இருப்பது இவற்றில் முதன்மையானது. ஒரு படி மட்டும் இரண்டு விரற்கடை மாறினாலும் கால் தடுமாறும். நம் கால் கண்ணை நம்பி நடப்பதில்லை, முந்தைய படியை நம்பி நடக்கிறது. தரைக்குப் பின்னர் கான்கிரீட் பூச்சோ டைல்ஸோ வரப்போகிறதென்றால் அந்தக் கனத்தையும் கழித்தே முதல் படியின் உயரத்தைக் குறிக்கவேண்டும். மிதியின் முன்விளிம்பில் மஞ்சள் பட்டை, லேண்டிங்குக்கு மேல் ஒரு விளக்கு, மின்தடையின்போது எரியும் அவசர விளக்கு ஒன்று ஆகியவை வேண்டும். தளத்தின் திறந்த விளிம்பெங்கும் கைப்பிடியும், பொருள் கீழே உருளாதிருக்க டோ கார்டு என்னும் அடித்தகடும் வேண்டும். சரக்கை ஃபோர்க்லிஃப்ட் மூலம் மேலே கொடுக்கும் இடத்தில் சங்கிலிக்குப் பதில் தானே மூடிக்கொள்ளும் கதவு வையுங்கள். சங்கிலியைக் கழற்றுபவர் மீண்டும் மாட்டுவதில்லை. மூட்டைகளை ஃபோர்க்லிஃப்டோ ஹாய்ஸ்டோ ஏற்றினால் படிக்கட்டு ஆட்களுக்கு மட்டுமே என்றாகும். ஹாய்ஸ்டில் ஆட்கள் ஏறக்கூடாது என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை எனினும் சொல்லிவைக்கிறோம். படிக்கட்டின் அடியில் அட்டைப்பெட்டிகளைச் சேர்த்துவைப்பதும் ஆபத்தான வழக்கம். அங்கே தீப்பிடித்தால் இறங்கும் வழியின் கீழேயே அடுப்பு மூட்டியதாகும்.

வங்கிக் கணக்கில்

கட்டடம் எங்களிடம் அடமானத்தில் இருந்தால், இடைத்தளம் அமைப்பதற்கு முன் கிளைக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இல்லாத கட்டுமானத்துக்கு மதிப்பீட்டாளர் மதிப்புக் கொடுப்பதில்லை. வாடகைக் கிடங்காக இருந்தால், உரிமையாளரின் இசைவும் ஒப்பந்தம் முடியும்போது கட்டமைப்பு யாருடையது என்பதும் எழுத்தில் இருக்கவேண்டும். போல்ட் போட்டு இணைத்த படிக்கட்டைக் கழற்றிக்கொண்டு போகலாம். வெல்டிங் செய்ததை அறுத்துத்தான் எடுக்கவேண்டும். இந்தக் காரணத்தாலேயே வாடகைதாரருக்கு போல்ட் இணைப்பைப் பரிந்துரைக்கிறோம். கிடங்கில் சரக்கு நிறைந்திருக்கும்போது வெல்டிங் பொறி பறக்காது என்பதும் அதில் அடங்கும். இடைத்தளம் வந்ததைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்து, பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். சரக்கின் மதிப்பும் அடுக்கும் முறையும் மாறியிருக்கும்.

ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரவைத் திட்டமதிப்பில் கழித்து எழுதிவிடுவது ஒரு பொதுவான அவசரம். அசையாச் சொத்தின் கட்டுமானத்துக்குச் செலுத்திய வரியை வரவு வைக்கச் சட்டத்தின் 17(5) பிரிவு தடை விதிக்கிறது. இயந்திரத்துக்கும் அதன் தாங்கலுக்கும் விலக்கு உண்டு. உங்கள் இடைத்தளமும் படிக்கட்டும் எந்தப் பக்கம் சேரும் என்பதைத் தணிக்கையாளரிடம் கேட்டு, அவர் இசையும்வரை வரியையும் செலவாகவே வைத்துக் கணக்கிடுங்கள். சிறு நிறுவனங்களுக்கு இத்தொகை பெரும்பாலும் தவணைக் கடனாகவே வழங்கப்படும். தகுதியுடையோர் முத்ரா திட்டத்தின்கீழும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தோடு படிக்கட்டின் வரைபடம், பொறியாளரின் சுமைக் கணக்கு, ஒப்பந்தக்காரரின் மொத்த விலைமதிப்பு ஆகிய மூன்றும் இருந்தால் கிளை அலுவலர் திரும்பத் திரும்பக் கேள்வி எழுப்பவேண்டியிராது. நடப்புக் கணக்கின் ஓவர்டிராஃப்டிலிருந்து இதற்குப் பணம் எடுக்கவேண்டாம். அது சரக்குச் சுழற்சிக்கானது. படிக்கட்டில் முடங்கிவிட்டால் பண்டிகைக் கொள்முதலின்போது கை கட்டிப்போகும்.

ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையாகப் பத்தில் ஒரு பங்கையாவது நிறுத்திவைத்து, அதை விடுவிக்கும் நிபந்தனையை முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம்: இருபது ஏற்றங்களையும் அளவுநாடாவால் அளந்து காட்டவேண்டும், கைப்பிடியைப் பொறியாளர் சோதித்துக் கையொப்பமிடவேண்டும், தளத்தின் சுமை எல்லையை எழுதிய பலகை படிக்கட்டின் தலைப்பில் மாட்டப்படவேண்டும். அந்தப் பலகை கிடங்கில் வேலை செய்வோர் படிக்கும் மொழியில் இருக்கட்டும். சூரத்திலோ லூதியானாவிலோ உள்ள கிடங்கானால் ஒடியாவும் இந்தியும் தேவைப்படலாம். கிலோநியூட்டன் என்று எழுதாமல், எத்தனை பெட்டி உயரம் வரை அடுக்கலாம் என்று எழுதினால் போதும்.